ஆற்றில் தண்ணீர் வந்ததும் மாறிய அளவு: மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டு சி.என்.சி. லேத்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே ஒரு கிராமத்தில், வீட்டின் கொல்லைப்பக்க அறையில் ஒரு சிறிய சி.என்.சி. லேத் (கணினிப் புரோகிராம்படி ஓடும் கடைசல் இயந்திரம்) ஓடுகிறது. அதில் ஓட்டிய ஒரு குட்டி ஷாஃப்டின் (சுழலும் தண்டின்) வெளிமுனை மழைக்காலத்தில் பருத்து வந்தது. அடுத்த கோடையில் அதே முனை சிறுத்து வந்தது. கம்பி மாறவில்லை, வெட்டும் டூல் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. காரணம் பிடிபட ஒரு பாசனப் பருவம் முழுக்கத் தேவைப்பட்டது. சி.என்.சி. இயந்திரத்தில் ஒரு பிழையைப் புரோகிராமுக்குள் மறைப்பது மிகச் சுலபம் என்பதாலேயே இதை விரிவாக எழுதுகிறேன். காவிரி டெல்டாவில் வீட்டிலேயே லேத் வைக்க நினைக்கிற யாருக்கும் இந்தச் சிக்கல் வரலாம்.

இயந்திரத்தின் உரிமையாளர் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து, கோயம்புத்தூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வாங்கியது பழைய இயந்திரம், ஆனால் நல்ல நிலையில் இருந்தது. தட்டையான பெட் (எல்லா உறுப்புகளையும் தாங்கும் நீள அடித்தளம்), முன்பக்கம் நான்கு முக டூல் டரட் (டூல்களைப் பிடிக்கும் தலை), வேலையின் மறுமுனையைத் தாங்க, கையால் நகர்த்தும் டெயில்ஸ்டாக். பெட்டிலிருந்து சென்டர் உயரம், அதாவது வேலையைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் நடு அச்சு வரை, 125 மி.மீ. ஸ்பிண்டில் மோட்டார், வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. என்ற மின்னணுக் கருவி வழியாக வீட்டு 230 வோல்ட் ஒருமுனை மின்சாரத்திலேயே ஓடுகிறது. கதிர் அறுக்கும் இயந்திரம், வைக்கோல் கட்டும் இயந்திரம், பம்ப் செட் ஆகியவற்றின் புஷ், பின், குட்டி ஷாஃப்ட்டுகள்தான் அவருடைய வேலை. முன்பெல்லாம் ஒரு ரோலர் ஷாஃப்ட் உடைந்தால் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ஆள் போகும். அறுவடை நேரத்தில் ஒரு நாள் இயந்திரம் நின்றால் விவசாயிக்கு எவ்வளவு இழப்பு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த இடைவெளியை இந்த அறை நிரப்புகிறது. எனக்கு அந்த லேத்தின் மேல் அக்கறை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அறையும் மண்ணும்

நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது: கோரையாறு, பாமணியாறு, மிச்சமுள்ள வெண்ணாறு. அதற்குக் கீழே உள்ள நிலத்தில் பெரும்பகுதி கனத்த களி. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் வயல் வெடிப்பில் கை நுழையும் இடங்கள் உண்டு. அதனால்தான் பழைய வீடுகளைக் கட்டும்போது அஸ்திவாரத்துக்குள் ஆற்று மணலை நிறைத்து, தரையை உயர்த்திக் கட்டினார்கள்.

இந்த வீட்டின் பழைய பகுதியும் அப்படித்தான். ஆனால் லேத் வைக்க இடம் போதாமல், பக்கத்தில் இருந்த மாட்டுக் கொட்டகையை அறையோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே மணல் நிரப்பவில்லை. களியின் மேலேயே ஜல்லி பரப்பிக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் சில அடி தூரத்திலேயே பாசன வாய்க்கால். லேத்தின் சக் (வேலையைப் பிடித்துச் சுழற்றும் பிடி) பக்கப் பீடம் பழைய தரையில் நின்றது, டெயில்ஸ்டாக் பக்கப் பீடம் புதுத் தரையில் நின்றது. இரண்டையும் தரையோடு ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். பங்குனி மாதத்தில் ரசமட்டம் வைத்துச் சரியாக உட்கார்த்திய வேலை. அப்போது பரிசோதித்த அளவுகள் எல்லாம் நன்றாகவே இருந்தன.

பிரச்சினை

வேலை இதுதான்: வைக்கோல் கட்டும் இயந்திரத்தின் ரோலரோடு சேர்ந்து சுழலும் குட்டி ஷாஃப்ட். 30 மி.மீ விட்டம், இரு முனையிலும் ஒவ்வொரு 6206 பேரிங் (உள்விட்டம் 30 மி.மீ). பேரிங் உட்காரும் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே 120 மி.மீ தூரம். கே6 பொருத்தம் (பேரிங் இலேசான இறுக்கத்தில் உட்காருவதற்கான அளவு வரையறை) என்றால் 30 மி.மீக்கு மேல் 0.002 முதல் 0.015 வரைதான் இருக்கலாம். அதாவது மொத்த அனுமதியே 0.013 மி.மீ. அளவு சின்னது என்பதால் டெயில்ஸ்டாக் கொடுக்காமல், சக்கில் பிடித்து ஒரே ஓட்டில் முடிப்பார். ஒவ்வொன்றுக்கும் சென்டர் போட்டு (முனையில் குழி எடுத்து டெயில்ஸ்டாக்கின் கூர்முனையால் தாங்கி) ஓட்டிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

புரட்டாசியில் குறுவை அறுவடைக்கு முன்னால் ஷாஃப்ட்டுகள் நிறையப் போயின. பேரிங் ஏறவில்லை என்று புகார் வந்தது. அளந்து பார்த்தால் சக் பக்கம் 30.010, வெளிமுனை 30.040. அடித்து ஏற்றிய இடங்களில் பேரிங் சூடாகியது. அதில் வியப்பில்லை. சாதாரண 6206 பேரிங்கின் உள் இடைவெளியே 0.005 முதல் 0.020 மி.மீதான். 0.04 இறுக்கமாக ஷாஃப்டை நுழைத்தால் உள்வளையம் விரிந்து அந்த இடைவெளி முழுதும் காணாமல் போகும். குண்டுகள் உருள இடமிருக்காது.

உரிமையாளர் செய்தது, பெரும்பாலான சி.என்.சி. ஆட்கள் செய்வதுதான். கடைசி ஃபினிஷ் ஓட்டில் நேர்கோட்டுக்குப் பதிலாக ஒரு சரிவு கொடுத்தார்: வெளிமுனையில் 0.03 குறைவாகத் தொடங்கி, சக் பக்கம் வரும்போது முழு அளவுக்கு வந்து சேரும்படி. இரண்டு முனையும் 30.010 வந்தது. புகார் நின்றது. சம்பா அறுவடை முடியும்வரை அந்தப் புரோகிராமே ஓடியது.

பிறகு பங்குனியில் வேறு மாதிரிப் புகார். அறுவடை முடிந்த இயந்திரங்களைப் பழுது பார்க்கும் காலம் அது. புதிதாகப் போட்ட ஷாஃப்டில் பேரிங் லூசாக உட்கார்கிறது, உள்வளையம் ஷாஃப்டின் மேல் வழுக்கிச் சுழன்று தேய்க்கிறது என்றார்கள். வெளிமுனை 29.980 இருந்தது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்.

முதல் பரிசோதனையில் எதுவும் சிக்கவில்லை

சித்திரை வெயிலில் போய் அளந்தபோது இயந்திரத்தில் குற்றம் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. 40 மி.மீ கம்பியைச் சக்கில் பிடித்து, 120 மி.மீ இடைவெளியில் இரண்டு வளையம் விட்டு, நடுவே பள்ளம் எடுத்து, இரண்டு வளையங்களையும் மெல்லிய ஒரே வெட்டில் ஓட்டினோம். புரோகிராமில் சரிவு இல்லை, டெயில்ஸ்டாக்கும் இல்லை. வித்தியாசம் 0.004. இந்த அளவு இயந்திரத்துக்கு அது நல்ல அளவு.

இந்த இரட்டை வளையச் சோதனையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பி தடிமனாக இருக்க வேண்டும், வெட்டு மெல்லியதாக இருக்க வேண்டும், டூல் முனை புதிதாக இருக்க வேண்டும். 40 மி.மீ இரும்புக் கம்பி 150 மி.மீ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது, 3 கிலோ எடைக்குச் சமமான விசை அதன் முனையைத் தள்ளினாலும் அது வளைவது ஏறத்தாழ 0.001 மி.மீதான். ஆகவே இரண்டு வளையத்துக்கும் வித்தியாசம் வந்தால், டூல் போகும் பாதை ஸ்பிண்டில் அச்சுக்கு இணையாக இல்லை என்று நம்பலாம். 20 மி.மீ கம்பியில் இதைச் செய்துவிட்டு இயந்திரத்தைக் குறை சொல்லக் கூடாது. விட்டம் பாதியானால் வளைவு 16 மடங்கு.

அப்படியானால் புரட்டாசியில் வந்த 0.03 எங்கிருந்து வந்தது? சந்தேகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினோம்.

இன்சர்ட் (டூலின் மாற்றக்கூடிய வெட்டு முனை) தேய்மானம் இல்லை. டூல் வெளிமுனையில் தொடங்கிச் சக்கை நோக்கிப் போகிறது. போகப்போக முனை தேய்ந்தால் சக் பக்கம்தான் பருக்க வேண்டும். இங்கே எதிர்மாறு. டூலை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் கன்ட்ரோலரின் மின்துடிப்பைத் தவறவிட்டதா? அப்படியென்றால் அளவு திடீரென்று தாவும், ஒரு ஷாஃப்டுக்கும் அடுத்ததற்கும் வேறுபடும். ஒவ்வொரு ஷாஃப்டிலும் ஒரே மாதிரிச் சரிவு வராது. டயல் கேஜை வைத்து, டூலை முன்னும் பின்னும் நகர்த்தி விட்டத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ் அச்சைப் பல தடவை ஓட்டித் திரும்பக் கொண்டுவந்தோம். 0.005க்குள் நின்றது. டூலை நீளவாக்கில் நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் பிட்ச்சில் (மரை இடைவெளியில்) பிழை இருந்தால் அது நீளத்தைத்தான் கெடுக்கும், விட்டத்தைச் சரிவாக்காது. ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக் சூடாகி நகர்கிறதா என்று பார்க்கக் காலையில் குளிர்ந்த நிலையிலும் நன்றாக ஓடிய பிறகும் வளையச் சோதனை செய்தோம். சொல்லும்படி மாறவில்லை. ஹெட்ஸ்டாக் கோணலாக இருந்தால் அது புரட்டாசியிலும் சித்திரையிலும் ஒரே கோணலாகத்தான் இருக்க வேண்டும்.

அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "தம்பி, அதே புரட்டாசியில் டெயில்ஸ்டாக் கொடுத்து நீள ஷாஃப்ட் ஏதாவது ஓட்டினீர்களா?"

"ஓட்டினேன் அண்ணே. அதெல்லாம் சரியாத்தான் வந்துச்சு. அதனாலதான் எனக்கே குழப்பம்."

எனக்கு வழி காட்டிய பதில் அதுதான். சக்கில் மட்டும் பிடித்த வேலை சரிந்தும், டெயில்ஸ்டாக் தாங்கிய வேலை நேராகவும் வந்தால், பெட் முறுக்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். பெட் முறுக்கினால், டூலைச் சுமந்து அதன் மேல் ஓடும் கேரேஜும் சாயும், அதே பெட்டின் மேல் உட்கார்ந்த டெயில்ஸ்டாக்கும் கூடவே சாயும். இரண்டும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு நகர்வதால், சென்டரில் தாங்கிய வேலையும் டூலோடு சேர்ந்து நகர்ந்து பிழையை மறைத்துவிடும். சக்கில் மட்டும் பிடித்த வேலைக்கு அந்தச் சலுகை இல்லை.

பிறகு தரையைப் பார்த்தோம். பழைய தரையும் புதுத் தரையும் சேரும் இடத்தில் ஒரு நீள விரிசல். கோடையில் நகம் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. மழைக்காலத்தில் அது மூடிக்கொள்ளும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் அதை லேத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. கன்ட்ரோலரிலிருந்து புரோகிராம் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து, அவை எப்போது மாற்றப்பட்டன என்றும் பார்த்தோம். சரிவு சேர்த்த கோப்புகள் எல்லாம் புரட்டாசி, ஐப்பசித் தேதிகள்.

சந்தேகம் வலுத்தது, ஆனால் நிரூபணம் இல்லை. காய்ந்த தரையில் பெட் நேராகத்தான் இருந்தது. எதையும் திருத்தாமல் காத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். பிழைப்பு நடக்கிற இயந்திரத்தைப் பற்றி அப்படிச் சொல்வது எளிதல்ல. அவர் ஒத்துக்கொண்டார். சரிவுகளை எல்லாப் புரோகிராமிலிருந்தும் எடுத்துவிட்டார். முக்கியமான ஷாஃப்ட்டுகளை டெயில்ஸ்டாக் கொடுத்தே ஓட்டினார். அதே சோதனைக் கம்பியில் அவ்வப்போது வளையம் ஓட்டி, அளவையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வந்தார். விரிசலின் குறுக்கே பென்சில் கோடுகளும் போட்டு வைத்தார்.

தண்ணீர் வந்த பிறகு

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். கல்லணை தாண்டி, வெண்ணாறு வழியே கடைமடைப் பக்கம் தண்ணீர் எட்டக் கொஞ்ச நாளாகும். ஆடி பிறந்து வாய்க்காலில் தண்ணீர் நின்று ஓட ஆரம்பித்த பிறகு, நோட்டில் எண்கள் மெல்ல ஏறின. 0.004 இருந்தது 0.010 ஆனது. ஆவணி முடிவில் 0.03. பென்சில் கோடுகள் விரிசலின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் தப்பியிருந்தன.

மீட்டருக்கு 0.02 மி.மீ காட்டும் நுட்பமான ரசமட்டத்தைக் கொண்டுபோய்க் கேரேஜின் மேல் குறுக்காக வைத்தோம். சக் அருகே ஒரு முறை படித்து, கேரேஜை 120 மி.மீ டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்தி மறுபடி படித்தோம். குமிழி 6 கோடு நகர்ந்திருந்தது. அதாவது அந்தத் தூரத்தில் மீட்டருக்கு 0.12 மி.மீ முறுக்கம். சென்டர் உயரம் 125 மி.மீ என்பதால் டூல் முனை 0.015 மி.மீ நகரும். விட்டத்தில் அது இரண்டு மடங்காகி 0.03. மைக்ரோமீட்டர் காட்டியதும் அதே எண்தான். இரண்டு வெவ்வேறு கருவிகள், இரண்டு வெவ்வேறு வழிகளில் ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் முழுதும் போனது.

திசையும் பொருந்தியது. வாய்க்கால் ஈரத்தால் பின்சுவர் ஓரக் களி உப்பியது. புதுத் தரையின் பின்விளிம்பு மேலே எழுந்தது. அதில் இறுகியிருந்த டெயில்ஸ்டாக் பக்கப் பீடம் முன்னால் சாய்ந்தது. பெட்டின் அந்த முனையில் பின்தடம் உயர்ந்து முன்தடம் தாழ்ந்தது. கேரேஜ் அங்கே போகும்போது டூல், ஓட்டுபவரை நோக்கி, அதாவது வேலையை விட்டு விலகி நகர்கிறது. வெளிமுனை பருக்கிறது. சக் பக்கப் பீடமோ மணல் நிரப்பிய பழைய தரையில் அசையாமல் நின்றது. ஆங்கர் போல்ட் இல்லாமல் இருந்திருந்தால் பீடத்தின் ஒரு கால் கொஞ்சம் தூக்கியிருக்கும், இயந்திரம் ஆடியிருக்கும், அன்றே கவனித்திருப்பார்கள். இறுக்கிப் போட்டதால் தரையின் அசைவு முழுதும் பெட்டுக்குள் போனது. அங்கேயே டெயில்ஸ்டாக் பக்க நட்டுகளைத் தளர்த்தினோம். 6 கோடு இரண்டாகக் குறைந்தது.

இந்த இடத்தில் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "அண்ணே, மழைக்கு ஒரு புரோகிராம், கோடைக்கு ஒரு புரோகிராம் வெச்சுக்கிட்டா போதாதா?" போதாது. களி ஒரு நாளில் உப்பி ஒரு நாளில் காய்வதில்லை. ஆடிக்கும் ஆவணிக்கும் நடுவே சரிவு ஒவ்வொரு வாரமும் வேறாக இருந்தது. நடுவில் முறை வைத்துத் தண்ணீர் விட்டால் வாய்க்கால் காய்ந்து நனைந்து, எண் முன்னும் பின்னும் போகும். அதோடு, டெயில்ஸ்டாக் கொடுத்த வேலைக்குச் சரிவு தேவையில்லை, போரிங்குக்கு (துளையின் உட்பக்கம் கடைவதற்கு) நீளம் வேறு, டேப்பர் (கூம்பு) வேலைக்குக் கோணமே வேறு. ஒரு இரும்புப் பிழைக்காக ஒவ்வொரு புரோகிராமிலும் ஒவ்வொரு பொய் எழுத வேண்டியிருக்கும். பழைய கை லேத்தில் இப்படி மறைக்க வழியில்லை. டர்னர் பெட்டைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. சி.என்.சி. கொடுக்கிற வசதியில் எனக்கு மிகவும் பயமானது இதுதான்.

திருத்தம்

தரையை உடைத்து மணல் நிரப்பி மறுபடி கான்கிரீட் போடுவதுதான் முழுமையான வழி. வேலை நிற்கும், செலவும் அதிகம். வேறு வழி எடுத்தோம். இரண்டு பீடங்களையும் கழற்றிவிட்டு, கனத்த சதுரக் குழாயில் குறுக்குச் சட்டங்களோடு ஒரு பெட்டிச் சட்டம் வெல்டிங் செய்து, பெட்டை அதன் மேல் போல்ட் போட்டோம். சட்டம் தரையில் மூன்றே இடத்தில் நிற்கிறது: சக் பக்கம் இரண்டு, டெயில்ஸ்டாக் பக்கம் நடுவில் ஒன்று. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்பதே கணக்கு. தரை சாய்ந்தால் இயந்திரம் மொத்தமாகச் சாயும், ஆனால் முறுக்காது. லேத் முழுதாகக் கொஞ்சம் சாய்ந்து நிற்பதால் அளவு கெடுவதில்லை.

மூன்று காலுக்கு ஒரு குறையும் உண்டு. பக்கவாட்டில் யாராவது இடித்தால் கவிழும் ஆபத்து. அதற்காக டெயில்ஸ்டாக் பக்கம் இரண்டு ஓரத்திலும் தரையைத் தொடாத துணைக் கால் வைத்தோம், இடைவெளி ஒரு மி.மீ அளவு. மழைக்காலத்தில் தரை எழும்பி அதைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் ஓட்டியபோது அதிக வேகத்தில் சட்டம் அதிர்ந்து வேலையில் அலை விழுந்தது. குழாய்களுக்குள் காய்ந்த மணலைக் கொட்டி அடைத்தபிறகு அது அடங்கியது. மிச்சமிருந்த சின்ன முறுக்கத்தை, பெட்டின் பாதத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய பித்தளை ஷிம் (இடைத் தகடு) வைத்து எடுத்தோம். ஷிம் சரியா என்று கடைசியில் முடிவு செய்தது ரசமட்டம் இல்லை, வளையச் சோதனைதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் 0.004. தண்ணீர் நின்று தரை காய்ந்தபிறகு 0.005. விரிசல் வழக்கம்போல் மூடித் திறக்கிறது.

இதற்கு நடுவே அளக்கும் முறையையும் சரி செய்துகொண்டார். அளவைக் கருவிகளுக்கான உலக அளவு வெப்பநிலை 20 டிகிரி. நம் அறையில் அது எந்த மாதத்திலும் கிடைக்காது. மைக்ரோமீட்டரும் ஷாஃப்டும் இரண்டுமே இரும்பு, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் கவலையில்லை. ஆனால் வெட்டி முடித்த ஷாஃப்ட் அறையை விட 20 டிகிரி சூடாக இருந்தால், 30 மி.மீ விட்டம் 0.007 பெரிதாகக் காட்டும். கே6-ன் மொத்த அனுமதியில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். பித்தளை புஷ்ஷுக்கு இன்னும் அதிகம். இப்போது வெட்டியதை ஒரு இரும்புத் தட்டின் மேல் வைத்து, அடுத்ததை ஓட்டி முடித்தபிறகு அளக்கிறார்.

மாலையில் மின்னழுத்தம் இறங்கும்போது வி.எஃப்.டி. நின்றுவிடுவது தனிப் பிரச்சினை. பீக் நேரத்தில் த்ரெட் (மரை) வெட்டுவதை மட்டும் தவிர்க்கிறார். வெட்டின் நடுவில் ஸ்பிண்டில் நின்றால் இன்சர்ட்டும் போகும், வேலையும் போகும்.

புதிதாக வைக்கப்போகிறவர்களுக்கு: இரண்டு பீடமும் ஒரே கான்கிரீட் பலகையில் நிற்கட்டும், கம்பி கட்டி, மணல் நிரப்பின தரையில், வாய்க்கால் ஓரத்தையும் கிணற்றடியையும் விட்டுத் தள்ளி. நிறுவிய அன்றைக்கே ஒரு வளையச் சோதனை செய்து தேதியோடு எழுதி வையுங்கள். பிறகு தண்ணீர் வந்ததும் ஒரு முறை, வடகிழக்கு மழை முடிந்ததும் ஒரு முறை, தரை காய்ந்ததும் ஒரு முறை. ஒரு கம்பியும் ஒரு மைக்ரோமீட்டரும் போதும். எண் ஏறினால் புரோகிராமைத் தொடாமல் முதலில் ஆங்கர் நட்டைத் தளர்த்திப் பாருங்கள்.

வெளியே போன ஷாஃப்ட்டுகளில் லூசானவற்றை எல்லாம் திரும்ப வாங்கிப் புதிது கொடுத்துவிட்டார். இறுக்கமாகப் போனவற்றில் கிடைத்ததைச் சென்டர் போட்டு மறுபடி ஓட்டி அளவுக்குக் கொண்டுவந்தார். சில இயந்திரங்கள் வேறு மாவட்டத்துக்கு அறுவடைக்குப் போயிருக்கின்றன. அவை ஊர் திரும்பும்போது பேரிங்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி ஓட்டுநர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்.